ராஜியின் கொப்பியில் இருந்த நொதியம்

தம்பி,

இரண்டு வாரத்துக்கு முன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், நாம் முன்பு குடியிருந்த லய வீட்டு வரிசைக்கு மேலே உள்ள கோயில் மண்டபத்தில், உனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தோட்டத்திலிருந்து படித்து மருந்தாளராகி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிற முதல் பிள்ளை என்று மாலை போட்டார்கள். நீ மைக்கைப் பிடித்து, "நான் இந்த எடத்துக்கு வந்ததுக்கு எங்கம்மாதான் காரணம். இத்தன வருஷத்துல எங்கம்மா கையால ஒரு மருந்து மாறிப் போனதில்ல" என்று சொன்னாய். எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசைக் கதிரையில் என் கழுத்திலும் ஒரு மாலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து வெளியே போனதற்கு வெயில் காரணம் என்று நீ நினைத்தாய். தண்ணீர்ப் போத்தலோடு பின்னாலேயே ஓடி வந்தாய். அந்தத் தண்ணீரை உன் முகத்தைப் பார்க்காமல்தான் குடித்தேன். என் கையால் ஒரு மருந்து மாறிப் போயிருக்கிறது. அதனால் ஒருவர் சாவின் வாசல் வரை போய் வந்தார். அந்தப் பழியை இன்னொருத்தி சுமந்தாள். அடுத்த திங்கட்கிழமை நீ வேலைக்குப் போவதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜி சித்தியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பிலிமத்தலாவையில் நான் வேலை செய்த பார்மசியில் என்னோடு நின்றவள். என்னைவிட ஆறு வயது இளையவள். பள்ளிக்கூடம் விட்டு நீ நேரே கடைக்கு வருவாய். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உன்னை உட்கார வைத்து வீட்டுப்பாடம் பார்த்தது அவள்தான். உன் அப்பா அப்போது கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் இருந்தார், மாதம் ஒரு தடவைதான் வருவார். எனக்கு முடியாத நாளில் உனக்குச் சோறு ஊட்டியதும் அவள்தான். அவளுடைய எழுத்து அச்சு மாதிரி இருக்கும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அழகு. அதனால் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளில் மருந்தின் பெயரையும் சாப்பிடும் விதத்தையும் அவள் எழுதுவாள், நான் மாத்திரை எண்ணிப் போடுவேன். இரண்டு பேருக்குமே அப்போது சான்றிதழ் கிடையாது. முதலாளிதான் மருந்தாளர். ராஜி மருந்தாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

நீ ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த வாரம் அது. ஒரு மத்தியானம். முதலாளி கொழும்புக்குப் போயிருந்தார். பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், தன் மனைவியின் மருந்துத் துண்டோடு வந்தார். மனைவி நஸீரா டீச்சர், ஓய்வுபெற்றவர், வாத நோயில் விரல் மூட்டெல்லாம் வீங்கி வளைந்து போனவர். டொக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று மெதோட்ரெக்ஸேட்: கிழமைக்கு ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், நான்கு. மற்றது போலிக் அமிலம்: வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் ஒன்று. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். ராஜி இரண்டு உறைகளையும் எழுதி மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, எண்ணிப் போட்டுக் குடுத்துருங்க, நான் சாப்பிட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனாள்.

இரண்டு போத்தல்களையும் நான் எடுத்து எண்ணினேன். எண்ணிக்கொண்டே ஹாஜியாரிடம் உன் பரீட்சைப் புள்ளியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு புள்ளியா என்று அவர் கேட்க வேண்டும் என்பதற்காக, கேட்காத விவரத்தையெல்லாம் சொன்னேன். "மாஷா அல்லாஹ், நல்லா படிப்பிங்க அவர" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் கை தன் பாட்டுக்கு மாத்திரைகளைத் தள்ளியது. வெள்ளி தவிர தினமும் ஒன்று என்று எழுதிய உறைக்குள் மெதோட்ரெக்ஸேட் போனது. வெள்ளிக்கிழமை உறைக்குள் போலிக் அமிலம் போனது. எண்ணிக்கை இரண்டிலும் சரி. போத்தல்தான் மாறிப்போனது. இதைச் சொல்வதால், உன்னைப் பற்றிப் பேசியதுதான் காரணம் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. நீ அப்போது கடையின் பின்பக்கம் படம் கீறிக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளை. பெருமை பேசியது நான்.

மூன்றாவது கிழமை ஹாஜியார் கடைக்குள் வந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். டீச்சருக்கு வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளை அணு விழுந்து போயிற்று, கண்டியில் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருக்கிறார்கள் என்றார். வார்டு டொக்டர், வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்ததில் மாறியிருப்பது தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு உறைகளையும் ஹாஜியார் முதலாளிக்கு முன்னால் வைத்தார். சத்தம் போடவில்லை. "யாரு கட்டினது எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

முதலாளி உறையைத் திருப்பிப் பார்த்து, "ராஜிட எழுத்து" என்றார். ஹாஜியார் என்னைப் பார்த்து, "ஆனா கையில தந்தது இவங்க" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். தம்பி, அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு மூன்று நொடிதான். அந்த நொடியில் எல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் வந்தது. போத்தலை எடுத்த கை, ஹாஜியாரின் சிரிப்பு, உன் புள்ளி, எல்லாம். நான் சொன்னேன்: "ராஜி கட்டி வச்சிருந்தா. நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்."

ராஜி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று பயந்தேன். பேசவில்லை. அவள் முகம் வெளுத்து, இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "நான்தான் போட்டிருப்பேன் போல சேர்... எனக்கு ஞாபகம் இல்ல... அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் அவ்வளவு என்னை நம்பினாள். என் பேச்சை நம்புவதற்காகத் தன் ஞாபகத்தைக் கைவிட்டாள். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போனால் உன்னைக் கண்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே நியாயமாகச் சொல்லிக்கொண்டேன். ராஜிக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாய் இருந்தாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

டீச்சர் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். ஹாஜியார் பொலிஸுக்குப் போகவில்லை. டீச்சரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் ஹாஜியார் கடைக்கு வந்த அன்றைக்கே முதலாளி ராஜியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போகும்போது அந்தப் பரீட்சைக் கொப்பிகளை என் கையில் வைத்தாள். "நீங்க படிங்கக்கா. எனக்கு இனி வேணாம். ஒரு ஆள சாகடிக்கப் பாத்தவ நான்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய கை கூசவில்லையா என்று நீ கேட்கலாம். கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கொப்பிகளைப் படித்துத்தான் நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். உன் படிப்பு, நாம் லயத்தை விட்டு இறங்கி வந்து கட்டிய இந்த வீடு, எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்தக் கொப்பி ஒன்றில் ஒரு பக்கம் இருக்கிறது. நீயும் அதைப் பார்த்திருக்கிறாய், என் எழுத்து என்று நினைத்துக்கொண்டு. தலைப்பு: டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ், உடம்பில் வேலை செய்யும் ஒரு நொதியத்தின் பெயர். டீச்சருக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் பக்கத்திலிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அதே நொதியத்தை எனக்கு வரைந்து காட்டினாய். "அம்மா, போலிக் அமிலம் உள்ள போனதும் அப்படியே வேலை செய்யாது. இந்த நொதியம் அத மாத்திக் குடுக்கணும். அப்பத்தான் ஒடம்புல புதுக் கலம் உண்டாகும். மெதோட்ரெக்ஸேட் பாக்கறதுக்குப் போலிக் அமிலம் மாதிரியே இருக்கும். அதனால நொதியம் ஏமாந்து அதப் புடிச்சுக்கிட்டு விடாது" என்றாய். வேகமாகப் பிறந்து வேகமாக அழியும் கலங்கள்தான் முதலில் பட்டினி கிடக்கும், வாயும் குடலும் எலும்பு மஜ்ஜையும், என்று விரல் விட்டுச் சொன்னாய். "அப்ப கூடிப்போனா என்ன குடுப்பாங்க?" என்று நான் கேட்டேன். "நல்ல கேள்விம்மா!" என்று உன் முகம் மலர்ந்தது. "போலினிக் அமிலம். அது அந்த நொதியத்துக்கிட்ட போகாமலே வேலைக்கு வந்துரும்."

எனக்கு அது தெரியும், தம்பி. டீச்சருக்கு ஏற்றிய மருந்தின் பெயரை ஹாஜியார் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து, கடையில் கிடைக்குமா என்று கேட்டதிலிருந்து தெரியும். ஒன்றும் தெரியாதவள் போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு அந்தக் கலண்டர் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா படுத்துக் கிடந்த கடைசி மாதங்களில் அவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவரும் தெரியாமலே போய்விட்டார். தப்பு தெரிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சொல்வதுதான் லேசு. அதைத் தாண்டினால், தப்போடு சேர்த்து ஒளித்ததையும் சொல்ல வேண்டும். வருஷம் போகப் போக ஒளித்ததுதான் பெரிதாகிக்கொண்டே போகும். உனக்கும் ஒரு நாள் கை தவறும். தவறாமல் ஒருவரும் இந்த வேலையில் முப்பது வருஷம் நின்றதில்லை. அன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதே. எண்ணும்போது ஒருவரோடும் பேசாதே. உறையில் யார் எழுதியிருந்தாலும் போத்தலை நீயே திருப்பிப் படி. இவற்றை உனக்குப் பாடமாகச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும்தான் நான் புதிதாகச் சொல்வது.

நடுவில் ராஜியை நான் இரண்டு தடவை கண்டேன். ஒரு தடவை கண்டி மார்க்கட்டில். அவள் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத குடை ஒன்றை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு, அவள் போகும் வரை நின்றேன். மற்றத் தடவை பஸ்ஸில். தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவுதான் உன் அம்மா.

உன் பாராட்டுக் கூட்டத்துக்குப் பிறகு வந்த பௌர்ணமி போயா லீவு அன்று, நான் சந்தைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது அவள் வீட்டுக்கு. பல்லேகலயில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் இத்தனை வருஷமும் வேலை செய்கிறாள். குண்டசாலையில் சின்ன வீடு, தாயும் அவளும்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அக்கா! தம்பி பாஸாகிட்டாராமே! நானே ஒங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள். தேத்தண்ணி ஊற்றப் போனாள். அவளைப் போகவிடாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன். டீச்சரின் மருந்தை மாற்றிப் போட்டது நான் என்றும், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும்.

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அந்த மாசம் முழுக்க நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேங்கா. என் கை எந்தப் போத்தல எடுத்துச்சுன்னு. ஞாபகமே வரல. எனக்கு ஏதோ மூளைக் கோளாறுன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது ஏன் வரலன்னு. நான் எடுக்கவே இல்லையே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் உனக்கு எழுத முடியாது. "அதுக்கப்புறம் நான் எதையும் நம்பறதில்லக்கா. கதவப் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் திரும்பி வருவேன். பூட்டினது ஞாபகம் இருக்கும், ஆனா என் ஞாபகத்த நானே நம்ப மாட்டேன். அம்மாவுக்கு மருந்து பக்கத்து வீட்டுப் புள்ளதான் எடுத்துக் குடுக்கும். ஒரு கல்யாணம் பேசி வந்தாங்க. என்னால ஒரு புள்ளய வளக்க முடியாதுன்னு பயந்து நாந்தான் வேணாம்னேன்." 

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டாள். ஹாஜியார் மவுத்தாகிவிட்டார், டீச்சர் இருக்கிறார் என்றேன். "அப்ப சனிக்கிழமை போவோம். நான் வந்து நிப்பேன். நீங்க சொல்லணும்" என்றாள்.

அப்படியே போனோம். டீச்சர் இப்போது நடப்பதில்லை. சாய்வு நாற்காலியில், வளைந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஹாஜியாரிடம் உன்னைப் பற்றிப் பெருமையடித்தது உட்பட. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ராஜியைத்தான் பார்த்தார். "அப்ப நீங்க இல்லையா மகள்?" என்றார். ராஜி இல்லை என்று தலையை ஆட்டினாள். டீச்சர் சொன்னார்: "ஒவ்வொரு தொழுகையிலயும் நான் துஆ கேட்டேன், யா அல்லாஹ், அந்தப் புள்ளட பிழைய மன்னிச்சிடு எண்டு. இத்தன வருஷமா. பிழையே செய்யாத புள்ளைக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குச் செஞ்சத்த நான் மன்னிச்சிட்டேன். அது கை மாறினது, மனுஷருக்கு நடக்கும். ஆனா அவக்குச் செஞ்சத்த மன்னிக்க எனக்கு ஏலா. அது என்ட சாமான் இல்ல. அத அவக்கிட்டதான் கேக்கோணும்."

நான் ராஜியிடம் கேட்டேன். டீச்சருக்கு முன்னாலேயே கேட்டேன். ராஜி டீச்சரின் மடியில் இருந்த கையை எடுத்து, அந்த வளைந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளை அடிக்கடி வரச் சொன்னார். வருவதாகச் சொன்னாள். என்னை ஒருவரும் வரச் சொல்லவில்லை. அது சரிதான்.

கண்டி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோதுதான் அவள் மறுபடி பேசினாள். உன்னிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, இன்றைக்குப் போய்ச் சொல்வேன் என்றேன். "நேர்ல சொல்லாதீங்க" என்றாள். "நேர்ல சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா தம்பி ஒங்களத் தேத்துவாரு. பெத்த தாயாச்சே, வேற என்ன செய்வாரு? அதோட எல்லாம் முடிஞ்சுரும். எழுதிக் குடுங்க. எனக்கும் ஒன்னு எழுதிக் குடுங்க. நான் பாக்கணும், நீங்க எழுதினது." பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று ராஜிக்கு, ஒன்று டீச்சருக்கு, ஒன்று உனக்கு. உறையில் போட்டு ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ தோட்டத்து ஆட்களுக்குப் படித்துக் காட்ட நினைத்தாலும் நான் மறிக்க மாட்டேன். ராஜி என்னை மன்னிப்பாளா என்று தெரியாது. மன்னிக்க வேண்டும் என்று நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நீ இதைப் படிக்கும்போது நான் சமையலறையில் இருப்பேன். நீ அங்கே வராதே, தம்பி. அவளுடைய விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் அவளிடம் போ.

அம்மா